நித்தியானந்தன் துவக்கு வாங்கப் போன நாள்

கிட்ட வாருங்கள் பிள்ளைகளே. கதவை மெல்லச் சாத்திவிட்டு, தேத்தண்ணியையும் கையோடு எடுத்துக்கொண்டு வந்து இருங்கள். போன கிழமை போலச் சிரிக்க வைக்கிற பகுதி இல்லை இது. ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்லுவேன். உங்களைப் பாதி வழியில் தனியே விட்டுவிட்டுப் போகவும் மாட்டேன்.

ரெய்னர்ஸ் லேனில் நித்தியானந்தன் வீட்டுக்குச் செவ்வாய்க்கிழமை தபாலில் ஒரு உறை வந்ததோடு நிறுத்தியிருந்தேன். உள்ளே இருந்தது பொலிஸ் கொடுத்த அனுமதிப் பத்திரம். இனி அவர் சொந்தமாக ஒரு துப்பாக்கி வாங்கி வீட்டில் வைத்திருக்கலாம். வேட்டையாட அல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் திடலுக்குப் போய், இயந்திரம் ஆகாயத்தில் எறிகிற களிமண் தட்டுகளைச் சுட்டு உடைக்கிற விளையாட்டுக்கு. இரண்டு வருடமாகத் திடலின் இரவல் துப்பாக்கியால்தான் சுட்டு வந்தார்.

இன்றைக்குத்தான் புதிதாக வந்து இருக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நித்தியானந்தனுக்கு ஐம்பத்து மூன்று வயது. பதினாறு வருடமாக லண்டனில் நிலத்தடி ரயில் ஓட்டுகிறார். மூன்று வருடத்துக்கு முன், ஒரு பெப்ரவரி காலையில், அவர் ஓட்டி வந்த ரயிலுக்கு முன்னால் ஒரு பெண் வந்து விழுந்து இறந்துபோனாள். வேலையிடம் விடுமுறை தந்தது. மனம்விட்டுப் பேச ஒரு ஆளையும் தந்தது. ஆறு கிழமை கழித்து 'எனக்கு ஒன்றும் இல்லை' என்று சொல்லிவிட்டு அவர் வேலைக்குத் திரும்பிப் போனார்.

ஒன்றும் இல்லாமல் இல்லை என்பது மனைவி மகாதேவிக்கு மட்டும் தெரியும்.

தெரிந்தவள் அவரை டொக்டரிடம் கூட்டிப்போகவில்லை. அந்த டொக்டரின் முன்மேசையில் இருக்கிறவள் கோயிலில் இவளோடு இருந்து பூக்கட்டுகிறவள். அந்த வெட்கம் ஒன்று. மனதுக்கு மருந்து என்று எங்காவது எழுதப்பட்டால் ரயில் ஓட்ட விடமாட்டார்கள் என்ற பயம் இன்னொன்று. யாழ்ப்பாணத்தில் இருக்கிற தங்கை சுசிலா அங்கே ஒரு டொக்டரோடு பேசி மாத்திரை வாங்கினாள். லண்டனுக்கு வருகிற யாராவது ஒருவருடைய பெட்டியில், மிளகாய்த்தூள் பொதியோடு அது வரும். கேட்டால் பிரஷர் குளிசை. பிரஷர் என்றால் நம் ஆட்கள் இரண்டாம் கேள்வி கேட்பதில்லை.

ஆகவே இந்த நாட்டு டொக்டரின் கணினியில் நித்தியானந்தன் நோய் நொடி இல்லாத மனிதர். பொலிஸ் விசாரித்தபோதும் அந்தக் கணினி அதையே சொன்னது. ஓகஸ்டில் வீட்டுக்கு வந்த பொலிஸ் உத்தியோகத்தர், துப்பாக்கிப் பெட்டகம் சுவரோடு சரியாகப் பிணைத்திருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தார். அதன் திறப்புச் சாவி எங்கே இருக்கிறது என்று மனைவிக்குக்கூடத் தெரியக்கூடாது என்று சட்டத்தை விளக்கினார். பிறகு குசினிக்குள் வந்து, அடுப்படியில் நின்ற மகாதேவியிடம் தனியாகக் கேட்டார்.

"உங்கள் கணவரைப் பற்றி நான் அறிய வேண்டியது ஏதாவது இருக்கிறதா?"

"இல்லை" என்றாள். சொல்லிவிட்டு அவருடைய தட்டில் இன்னொரு ரோல்ஸ் வைத்தாள்.

அவளைக் கெட்டவள் என்று நினைக்காதீர்கள். சுடப் போய் வருகிற ஞாயிறுகளில்தான் அந்த மனிதர் இரண்டாம் தரம் சோறு கேட்டார். அந்த ஞாயிறுகளை அவரிடமிருந்து பறிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

இனிச் சனிக்கிழமை காலை.

"இஞ்சாருங்கோ, உங்கட கொப்பியை மேசையில விட்டிட்டுப் போறியள்."

நித்தியானந்தன் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அது வேண்டாம், மகா."

ஐந்து மாதமாக எழுதிய கொப்பி அது. தண்ணீர் கொதிக்க வைக்கிற கேத்தில் வாங்க மூன்று கடை ஏறி இறங்கிவிட்டுக் கடைசியில் முதலாவது கடைக்கே திரும்பிப் போன மனிதர் இவர். ரைஸ் குக்கரை இரண்டு முறை மாற்றிக் கொண்டு வந்தவர். துப்பாக்கி என்றால் சொல்லவும் வேண்டுமா? எது எவ்வளவு பாரம், எது தோளில் எவ்வளவு இடிக்கும், குழல் இருபத்தெட்டு அங்குலமா முப்பதா என்று கட்டம் போட்டு, இரண்டு நிறப் பேனையால் எழுதியிருந்தார்.

மகள் ஜெனோஜா படியிறங்கி வந்தாள். இருபத்து நாலு வயது. வெம்பிளியில் ஒரு மருந்துக்கடையில் பயிற்சி எடுக்கிறாள். சனிக்கிழமைகளில் மத்தியானத்துக்குப் பிறகுதான் வேலை.

"அப்பா, மூண்டு மாசமா எங்கட டின்னர் ரேபிளில உந்தத் துவக்குக் கதைதான். இண்டைக்கு ப்ளீஸ், முடிவெடுத்திட்டு வாங்கோ. ஐ கான்ட் டேக் இட் எனிமோர்."

நித்தியானந்தன் எழுந்து வந்து அவளுடைய தலையில் கையை வைத்தார். அப்படிச் செய்கிற ஆள் அல்ல அவர்.

"கவனமா இரு, பிள்ளை."

"நான் வெம்பிளிக்குத்தானே போறன். நீங்கள்தான் துவக்கோட வரப்போறீங்கள்."

அவர் சிரித்தார். மகாதேவி அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை முதல் அவர் இப்படித்தான் இருக்கிறார். இரவு முழுவதும் நித்திரை. திடுக்கிட்டு எழும்புவதில்லை, கட்டில் விளிம்பில் போய் இருப்பதில்லை. மூன்று வருடமாகக் காணாத அமைதி. கடைசியில் மருந்து வேலை செய்துவிட்டது என்றுதான் அவள் நம்பினாள்.

அந்த அமைதியை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்ற ஆசையில், "நானும் வாறன்" என்றாள்.

அவர் ஒரு கணம் நின்றார்.

"நீர் ஏன்? உமக்கு உது பிடியாது."

"சும்மா. காருக்குள்ள இருந்திட்டு வாறன்."

வெளியே கார் ஒலி கேட்டது. பத்ரிநாராயணன் வந்துவிட்டார். திருச்சிக்காரர், நகரத்தில் ஒரு வங்கியில் பெரிய வேலை. நித்தியானந்தனைச் சுடுகிற திடலுக்கு முதன்முதல் கூட்டிப்போனவர் இவர்தான். அனுமதிப் பத்திரத்துக்கு, இந்த மனிதரை எனக்குத் தெரியும், நம்பலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவரும் இவரே.

"சிஸ்டர், நீங்களுமா? சுடக் கத்துக்கப் போறீங்களா?"

"துவக்கைக் கண்டால் ஓடி ஒளிக்கிற ஊரில பிறந்தனான், அண்ணை. எனக்கென்னத்துக்கு?"

"அப்ப நித்தி மட்டும் எந்த ஊர்ல பொறந்தாராம்?"

"அவர் ஓட மறந்து நிண்டவர்."

பத்ரி வயிறு குலுங்கச் சிரித்தார். நெடுஞ்சாலையில் ஏறியதும் தம் வழக்கமான வழக்கைத் தொடங்கினார்.

"நித்தி, கடைசியா ஒரு தடவை சொல்றேன், கேட்டுக்கோ. ரெண்டு குழல் துப்பாக்கிதான் மரியாதை. சுட்டு முடிச்சு, மடக்கிக் கையில போட்டுக்கிட்டு நடந்தேன்னா, காலியா இருக்குன்னு இருபதடி தள்ளி நிக்கிறவனுக்கும் தெரியும். உன்னோட இந்த செமி ஆட்டோமேட்டிக் மடங்காது. உள்ளே ஒரு கலர்க் கொடியைச் சொருகிக்கிட்டு நடக்கணும். சுட்ட தோட்டாக் கூட்டையெல்லாம் வேற குனிஞ்சு பொறுக்கணும். உனக்கு இருக்கிற இடுப்புக்கு."

வேறு நாளென்றால் நித்தியானந்தன் விடமாட்டார். தன் வலது தோள் இரண்டு வருடமாக இறுகிக் கிடப்பதைச் சொல்லுவார். இரண்டு குழல் துப்பாக்கியின் இடி முழுவதும் அந்தத் தோளுக்குத்தான் வரும், செமி ஆட்டோமேட்டிக்கில் தோட்டாவின் வாயுவே அடுத்த தோட்டாவை ஏற்றுகிற வேலையைச் செய்வதால் இடி பாதியாகக் குறையும் என்று கொப்பியை விரித்துக் காட்டுவார். வடக்கு லண்டன் முடிகிற வரைக்கும் வாதம் நடக்கும்.

இன்றைக்கு, "ஓம் பத்ரி. நீர் சொல்லுறதும் சரிதான்" என்றார்.

"என்னய்யா இது, சண்டையே போடாம ஒத்துக்கிட்டே? சிஸ்டர், காலையில என்ன குடுத்தீங்க இவருக்கு?"

"இடியப்பமும் சொதியும்."

"எனக்கும் அனுப்புங்க. எங்க வீட்டுக்காரி பாமாவுக்குக் குடுக்கணும்."

மகாதேவியும் சிரித்தாள்.

கடை, நகரம் முடிந்து வயல்கள் தொடங்குகிற இடத்தில், சுடுகிற திடலை ஒட்டி இருந்தது. தூரத்தில் இரண்டிரண்டாக வெடிச் சத்தம். ஒவ்வொன்றுக்கும் மகாதேவியின் தோள் தானாகக் குறுகியது. காரில் தனியே இருக்க முடியாமல் அவளும் உள்ளே போனாள்.

கடைக்காரர் கொலின் அறுபதைத் தாண்டியவர். அவசரம் இல்லாத மனிதர். நித்தியானந்தனை அவருக்கு நன்றாகத் தெரியும். ஐந்து மாதத்தில் எட்டுத் தடவை வந்து, எல்லாவற்றையும் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் போனவர் அல்லவா. பச்சைக் கம்பளி விரித்த மேசையில் மூன்று துப்பாக்கிகளை வரிசையாக வைத்தார்.

"நீங்கள் சுருக்கி எடுத்த மூன்று" என்றார். "இந்த முதலாவது வாயுவில் இயங்குவது. பாரம் கூட. ஆனால் உங்கள் தோளுக்கு இதமானது. ஒவ்வொரு தடவையும் கழற்றித் துடைக்க வேண்டும். இரண்டாவது, இடியின் விசையிலேயே இயங்குவது. பாரம் குறைவு, அழுக்குப் பிடிக்காது, ஆனால் கொஞ்சம் உதைக்கும். மூன்றாவது பழையது. ஒரு பெண்மணி வைத்திருந்தது. கைப்பிடி உங்களுக்குச் சின்னதாக இருக்கலாம். மூன்றுமே தோட்டாக் குழாய்க்குள் இரண்டு, சுடுகிற அறையில் ஒன்று, மொத்தம் மூன்று தோட்டாதான் கொள்ளும். எது முதலில்?"

அப்போதுதான் மகாதேவியின் கைத்தொலைபேசி அடித்தது. ஜெனோஜா. அவள் கதவுக்கு வெளியே போய்ப் பேசினாள்.

"அம்மா, குளிர் வருது எண்டு கோட் எல்லாத்தையும் தோய்க்க எடுத்தனான். அப்பான்ர கோட்டுக்குள்பக்கப் பையில நிறையக் குளிசை கிடக்கு."

"என்ன குளிசை?"

"வெள்ளை. சின்னன். எல்லாம் லூஸா. எண்ணிப் பாத்தன், அறுபத்தி நாலு. இது இஞ்சத்தை மருந்து இல்லை, அம்மா. என்னது இது?"

மகாதேவி சுவரில் கையை ஊன்றினாள். அவள் ஒவ்வொரு நாள் பின்னேரமும் அட்டையிலிருந்து ஒன்றை உடைத்து, தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைப்பாள். அவர் எடுத்து வாயில் போடுவார், தண்ணீர் குடிப்பார். அப்படித்தான் அவள் கண்டிருந்தாள்.

அறுபத்து நாலு நாள்.

"அம்மா? கேக்குதா?"

"கேக்குது."

"நீங்கள்தான் குடுக்கிறனீங்களா?"

"ஓம். சித்தி அங்கயிருந்து அனுப்புறவள். பிரஷருக்கு எண்டு சொல்லி."

"உண்மையில என்னத்துக்கு?"

மகாதேவி அந்த மருந்தின் பெயரைச் சொன்னாள். மருந்துக்கடையில் வேலை பழகுகிற பிள்ளைக்கு அந்தப் பெயரை விளக்கத் தேவையில்லை.

"எவ்வளவு காலமா?"

"மூண்டு வருஷம்."

"மூண்டு வருஷம் நான் அந்த வீட்டிலதானே இருக்கிறன். எனக்கு ஏன் சொல்லேல்லை?" ஜெனோஜாவின் குரல் மெலிந்தது. "அதை எடுக்கிறதைத் திடீரெண்டு விடக் கூடாது, அம்மா. விட்டால் முந்தினதை விட மோசமாப் போகலாம். பொலிஸ் வந்து கேட்டவங்கள்தானே. நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"இல்லையெண்டு சொன்னன்."

"இப்ப அப்பா எங்க?"

"உள்ளுக்கு. துவக்குப் பாக்கிறார்."

"அம்மா, உள்ளுக்குப் போங்கோ. இப்பவே போங்கோ."

அவள் உள்ளே வந்தபோது நித்தியானந்தன் முதலாவது துப்பாக்கியைத் தோளில் வைத்து இறக்கிக்கொண்டிருந்தார்.

"கண்ணை மூடிக்கொண்டு தோளுக்குக் கொண்டுபோங்கள்" என்றார் கொலின். "சரி. இப்போது திறவுங்கள். குழலின் மேல்பக்கம் தெரிகிறதா, பின்பக்கம் மறைக்கிறதா?"

"மறைக்கிறது."

"அப்படியென்றால் தோளில் முட்டுகிற கட்டை உங்களுக்கு அரை அங்குலம் நீளம். பிரச்சினை இல்லை. இரண்டு கிழமை விட்டுப்போங்கள், அறுத்துச் சரிசெய்து தருகிறேன்."

"வேண்டாம். இருக்கிறபடியே காணும்."

பத்ரி கையிலிருந்த தோட்டாப் பெட்டியைக் கீழே வைத்தார். "யோவ், போன மாசம் அரை அங்குலத்துக்காக என்கிட்ட ஒரு மணி நேரம் போன்ல பேசினே. மத்த ரெண்டையும் தோள்ல வச்சுக்கூடப் பாக்கலை. ஒவ்வொண்ணையும் பத்துத் தடவை தூக்கிப் பாக்கிறவனாச்சே நீ?"

"எல்லாம் ஒண்டுதான், பத்ரி."

எல்லாம் ஒன்றுதான். கேத்திலுக்கு மூன்று கடை ஏறிய மனிதர் சொல்கிறார்.

கொலின் அனுமதிப் பத்திரத்தை விரித்தார். விற்கிற துப்பாக்கியின் விவரத்தை அதில் அவர் கையால் எழுத வேண்டும். எழுதிவிட்டால் அது நித்தியானந்தனுடையது. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி ஞாயிறு, புதியவர்களுக்கு ஒரு போட்டி இருக்கிறது. உங்கள் பெயரைப் போடட்டுமா?"

"முடியாது. அன்றைக்கு எனக்கு வேலை" என்றார் நித்தியானந்தன்.

மகாதேவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவருடைய வேலை அட்டவணை அவளுடைய குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிக் கிடக்கிறது. பதினாறு வருடமாக அவருடைய ஷிப்டை வைத்துத்தான் அவள் அரிசி போடுகிறாள். பன்னிரண்டாம் தேதி அவருக்கு வேலை இல்லை. ஓய்வு நாள்.

அடுத்த மாதத்துக்கு என்று இந்த மனிதர் ஒன்றையும் வைத்திருக்கவில்லை. இரண்டு கிழமைக்குப் பிறகு தோளுக்குச் சரியாக இருக்குமா என்ற கவலைகூட அவருக்கு இல்லை. செவ்வாய்க்கிழமை முதல் வந்த நித்திரை மருந்தால் வந்தது அல்ல. எங்கே போகிறோம் என்று முடிவெடுத்துவிட்ட மனிதனின் நித்திரை அது.

பேனை காகிதத்தைத் தொடுவதற்கும் அவள் மேசையை எட்டுவதற்கும் சரியாக இருந்தது. பத்திரத்தின் மேல் தன் உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

"எழுதாதேங்கோ."

கொலினுக்குத் தமிழ் விளங்காது. ஆனாலும் பேனை நின்றது. பிறகு அவள், கடைகளிலும் பள்ளிக்கூட வாசல்களிலும் பொறுக்கிச் சேர்த்த தன் ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தாள்.

"என் கணவருக்குச் சுகமில்லை. மூன்று வருடமாகச் சுகமில்லை. மனதுக்கு மருந்து. அதையும் இப்போது எடுப்பதில்லை. பொலிஸ்காரர் என்னிடம் கேட்டார். நான் இல்லை என்று சொன்னேன். அது பொய். இதைக் கொடுக்க வேண்டாம்."

"மகா, என்ன கதைக்கிறீர்?"

"அறுபத்தி நாலு குளிசை. கோட்டுப் பையிலயிருந்து பிள்ளை எடுத்துப்போட்டாள்."

நித்தியானந்தனின் முகத்தில் கோபம் வரவில்லை. வந்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். களைப்பு ஒன்றுதான் வந்தது.

"என்ர வேலை போகும், மகா."

"போகட்டும்."

"பதினாறு வருஷம்."

"போகட்டும் எண்டுறன். உங்களை வைச்சுக்கொண்டு நான் கஞ்சி குடிச்சாலும் குடிப்பன்."

பத்ரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பு முழுவதும் அவர் முகத்தை விட்டுப் போயிருந்தது. "நான் எழுதிக் குடுத்தேன் நித்தி. நல்ல திடமான மனுஷன், எந்தக் குறையும் இல்லைன்னு என் கையால எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பக்கத்துல நின்னு ரெண்டு வருஷம் சுட்டிருக்கோம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."



கொலின் மூன்று துப்பாக்கிகளையும் எடுத்துப் பின்னால் இருந்த இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டினார். வாசலுக்குப் போய், கடை மூடியிருக்கிறது என்ற பலகையைத் திருப்பினார். ஒரு முக்காலியை இழுத்துக்கொண்டு வந்து நித்தியானந்தனுக்கு நேரே இருந்தார்.

"நான் இதை உங்களுக்கு விற்க முடியாது. உரிமம் கொடுத்த அலுவலகத்துக்கும் இன்றைக்கே சொல்ல வேண்டும். மன்னியுங்கள், எனக்கு வேறு வழி இல்லை." மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஒன்று நேரே கேட்கிறேன். உயிரை விட்டுவிட நினைத்திருக்கிறீர்களா?"

பிள்ளைகளே, மூன்று வருடமாக ஒரே கட்டிலில் படுத்த மனைவி கேட்காத கேள்வி. பின்னேரம் தோறும் மாத்திரையை எடுத்து வைத்தாள், கேட்கவில்லை. கேட்டால் 'ஓம்' என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். துப்பாக்கி விற்கிற வெள்ளைக்காரர் ஒருவர், மணி என்ன என்று கேட்பது போலக் கேட்டுவிட்டார்.

வெளியே திடலில் இரண்டு வெடி. பிறகு இரண்டு.

"தெரியேல்லை" என்றார் நித்தியானந்தன், தமிழில். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு ஆங்கிலத்தில், "ஆம்" என்றார்.

மகாதேவி அவர் பக்கத்தில் முழந்தாளிட்டு இருந்தாள். அவருடைய கையைப் பிடிக்க வெட்கப்பட்டவள் அல்ல, பழக்கம் விட்டுப்போனவள். அன்றைக்குப் பிடித்தாள்.

திரும்பி வருகிற வழியில் பத்ரி வானொலியைப் போடவில்லை. கைத்தொலைபேசியில் ஜெனோஜா சொன்ன வைத்தியசாலைக்கு நேரே ஓட்டினார். பின் இருக்கையில் இருவரும். அரை மணி நேரம் கழித்து நித்தியானந்தன் பேசினார், கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி.

"அவள் என்னைப் பாத்தவள், மகா."

"ஆர்?"

"ரயிலுக்கு முன்னால விழுந்த அந்தப் பிள்ளை. கடைசி நேரம். கண்ணாடிக்குள்ளால நேரே என்னைப் பாத்தவள். என்னட்ட மன்னிப்புக் கேக்கிற மாதிரி ஒரு முகம். ஜெனோஜாவை விட ரெண்டு மூண்டு வயசுதான் கூட இருக்கும்."

"இதை ஒருநாளும் சொல்லேல்லையே."

"சொன்னால் உமக்கும் அந்த முகம் தெரியத் தொடங்கியிடும். ஒவ்வொரு ஸ்டேஷனுக்குள்ளயும் வரேக்கை தெரியுது. பிளாட்போமில நிக்கிற எல்லாருக்கும் அந்த முகம்தான். திடலில சுடேக்கை மட்டும்தான் தெரியாமல் இருந்தது. பேந்து அங்கயும் வரத் தொடங்கியிட்டுது." அவர் மூச்சை விட்டார். "அதுக்குப் பிறகுதான் குளிசையை விட்டனான். என்னத்துக்கு எண்டு."

பத்ரி பின்னால் திரும்பவில்லை.

வைத்தியசாலை வாசலில் ஜெனோஜா நின்றாள். வேலைக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். பத்ரி காரை நிறுத்தினார், இறங்கவில்லை. நித்தியானந்தன் கதவைச் சாத்துவதற்கு முன் குனிந்து, "பத்ரி" என்றார்.

"உள்ள போ, நித்தி. டாக்டரைப் பாரு மொதல்ல." பார்வை முன்கண்ணாடியில் இருந்தது. "எனக்கு இப்ப பேச வரலை."

கார் போய்விட்டது.

ஜெனோஜா அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அவள் அழவில்லை. அம்மாவைப் பார்த்த பார்வையில் மட்டும் ஏதோ ஒன்று இன்னும் இளகாமல் இருந்தது. மகாதேவி அதைக் கண்டாள். கண்டும், அது தனக்கு வேண்டியதுதான் என்று தாங்கிக்கொண்டாள்.

அவசரப் பிரிவில் முன்மேசையில் இருந்த தாதி பெயர், பிறந்த திகதி எல்லாம் கேட்டு எழுதினாள். பிறகு தலையை நிமிர்த்திக் கேட்டாள்.

"இது எவ்வளவு காலமாக?"

மகாதேவியின் வாய் திறந்தது. மூன்று வருடமாக அவருக்குப் பதிலாக அவள்தான் பதில் சொல்லி வந்திருக்கிறாள். கோயிலில், கலியாண வீடுகளில், குசினிக்குள் வந்த பொலிஸ்காரருக்கு. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

நித்தியானந்தன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மூன்று வருடமாக" என்றார்.

சிறிது நேரத்தில் இன்னொரு தாதி வந்து, அவர் மட்டும் உள்ளே வரட்டும், நீங்கள் இங்கே இருங்கள் என்றாள். அவர் இரண்டு அடி வைத்துவிட்டுத் திரும்பினார்.

"திங்கட்கிழமை விடிய அஞ்சு இருபதுக்கு என்ர ரயில். வேலைக்கு ஆர் சொல்லுறது?"

"நான் சொல்லுறன்" என்றாள் மகாதேவி.

"வேண்டாம். நான் சொல்லுறன்."

"என்னண்டு சொல்லுவியள்?"

உண்மையைச் சொல்லுவாரா, பழையபடி காய்ச்சல் என்று சொல்லுவாரா என்று அவருக்கே அந்த நேரம் தெரிந்திருக்காது. தாதி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் உள்ளே போனார். கதவு தானாக வந்து மூடியது.

தாயும் மகளும் பிளாஸ்டிக் கதிரைகளில், நடுவே ஒரு கதிரை வெறுமையாக இருக்க, இருந்தார்கள். இந்நேரம் கொலின் தொலைபேசியில் பேசியிருப்பார். பொலிஸிடம் தாய் சொன்ன பொய்க்கும் ஒரு ஆள் வந்து அந்த வீட்டுக் கதவைத் தட்டத்தான் போகிறார். தட்டட்டும் என்று இருந்தாள் மகாதேவி. கொஞ்ச நேரம் போனபின் ஜெனோஜா எழுந்து, அந்த வெறுங்கதிரையில் வந்து இருந்தாள்.

இன்றைக்கு இவ்வளவும் போதும், என் பிள்ளைகளே. நெஞ்சு பாரமாக இருந்தால் எழுந்து போய் ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள். பக்கத்தில் யாராவது இருந்தால், எப்படி இருக்கிறாய் என்று ஒரு தரம் கேளுங்கள், பதில் வரும்வரைக்கும் இருங்கள். உங்கள் வீட்டிலிருந்து விடியப் புறப்பட்டுப் போனவர்கள் எல்லாரும் பொழுதுபட வந்து வாசலில் சப்பாத்தைக் கழற்றட்டும். உங்கள் வீட்டு அடுப்பில் சோறு கொதிக்கட்டும், இரண்டாம் தரம் கேட்கிற வயிறும் மனமும் எல்லாருக்கும் இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் நித்திரை கொள்ளுகிற அறையில் ஒரு பயமும் நுழையாமல் இருக்கட்டும். நல்லாயிருங்கள்.